கோழித்தலை போக மிச்சம்

மூர்னி ஊராட்சிப் பொருளாளர். கையை இறுக்கிப் பிடிப்பவள் என்று ஆற்றின் இரு கரையிலும் பேர். மூங்கில் பாலத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் பாலம் கட்டப் பணம் வந்தபோது, கூட்டத்தில் மேஸ்திரி வாகியோ எழுந்து இன்னொரு செலவையும் சொன்னார். முதல் தூணுக்கு அடியில் புதைக்க ஒரு எருமைத் தலை.

“அப்படி ஒரு செலவினமே கம்ப்யூட்டர்ல கிடையாது மேஸ்திரி.”

“ஜாவா முழுக்க எந்தப் பாலமும் வெறுங்குழில நிக்கல அக்கா. ரெண்டு மூட்டை சிமெண்டைக் கூடப் போட்டு எழுதிக்க.”

“பொய்க் கணக்கு என் கையால வராது.”

“ஆட்டுத் தலையாவது?”

“பேசாம நம்ம தலைவரையே எறக்கிடலாம், செலவே இல்ல” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, ஊர்த் தலைவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

கடைசியில் மூர்னியே வழி கண்டாள். வீட்டில் வளர்ந்த கோழி ஒன்றை அறுத்தாள். தலையை வாழையிலையில் சுற்றிக் குழிக்குக் கொடுத்தாள். மீதியைச் சாறு வைத்து, அதே தூணில் கொத்து வேலை செய்யும் தன் கணவன் பார்ஜனுக்கு ஊற்றினாள். ஒரு ரூபியா செலவில்லை. அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

தூண் எழும்ப எழும்ப, வீட்டில் சோறு பற்றாமல் போயிற்று.

இருவருக்கு அளந்து போட்ட அரிசிதான். பார்ஜன் நாலு வாய் எடுப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். “இன்னும் பசிக்குது புள்ள” என்பான். வைத்தாள்; அதுவும் போயிற்று. அவனோ விலா எலும்பு தெரிய இளைத்தான். மூர்னி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். காப்பியை வெட்டினாள், தெம்பே என்கிற சோயா வறுவலை வெட்டினாள், அந்தக் காசுக்கு அரிசி வாங்கினாள். அந்த அரிசியும் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒருநாள் அவன் முழங்கால் சிராய்ப்போடு வந்து உட்கார்ந்தான்.

“சாரத்துல நின்னேனா, யாரோ காலைப் புடிச்சு இழுத்தாங்க. குனிஞ்சு பாத்தா வெறும் தண்ணி.”

அவன் கால்கள் காய்ந்திருந்தன. பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குப் பாய் நனைந்திருந்தது.

மூர்னி மேஸ்திரியிடம் ஓடினாள்.

“தலையை மட்டும் குடுத்துட்டு உடம்பை உன் அடுப்புல வச்சுக்கிட்ட. மிச்சத்தைக் கேட்டு, ஆத்துல குடியிருக்கிற அது வேற எங்க போகும்? இப்பவாவது எருமைத் தலைய வாங்கு.”

“மழைக்கு முன்னால கூரை மாத்த வச்சிருக்கிற பணம் மேஸ்திரி அது.”

“புருஷனா கூரையானு நீயே பாத்துக்க அக்கா.”

வழியெல்லாம் கணக்குப் போட்டபடி திரும்பினாள். கூரையும் வேண்டும், அவனும் வேண்டும். சாப்பாட்டு வேளையில், நனைந்த பாய்க்கு முன்னால் மூன்றாவதாக ஒரு தட்டை வைத்தாள்.

“மொத்தமா முடியாது. தினம் கொஞ்சமா தர்றேன்.”

 அன்று பார்ஜன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

பாலம் திறந்தாயிற்று. மினி பஸ் ஓடுகிறது. கூரையும் புதுசு. அறுவடை பொய்த்து அரிசி விலை ஏறிய மாதத்தில், மூன்றாவது தட்டுக்கு மட்டும் அகப்பையில் கொஞ்சம் குறைத்துப் போட்டாள் மூர்னி. பாயின் ஈரம் மெல்ல அசைந்தது. பார்ஜனின் பாதத்தை நோக்கி நகர்ந்தது.

“எதை வேணா வெட்டு புள்ள,” என்றான் அவன், நிமிராமல். “அதை வெட்டாத.”

அவள் தன் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி அங்கே வைத்தாள். ஈரம் நின்றது. பின்வாங்கவில்லை.