தகரப் பட்டறைக்காரர் வீட்டுக் கிளி

எங்கள் மாடிப்படி பல்பு அடிக்கடி போய்விடும். விடியுமுன்னே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் பெருக்கப் போகிறவள் நான்; சுவரைத் தடவித் தடவித்தான் இறங்க வேண்டும். ஆனால் அந்த இருட்டு மறுநாள் இருந்ததில்லை. யாரோ மாட்டிவிடுவார்கள். ஒருநாள் சீக்கிரம் திரும்பியபோது, பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்டூலில் ஏறி நின்று புது பல்பைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருடப் போய் மாட்டிக்கொண்டவர் போல இறங்கி உள்ளே போய்விட்டார்.

அவர் வாயைத் திறக்காமல் செய்த காரியம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் சின்ன வயதிலிருந்து தகரம் அடித்தவர். அங்கே பக்கத்தில் நிற்கிறவனிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். காது மந்தமாகிவிட்டது. அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். தெருவில் அவருக்குப் பெயர் 'ஸ்பீக்கர்'. எறும்பைக்கூட மிதிக்காத மனிதர். ஆனால் அவர், நான் அண்ணி என்று கூப்பிடும் தன் மனைவியிடம், "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொன்னால், என் வீட்டுக்கு வந்த விருந்தாளி பயந்து எழுந்து நிற்பார்.

பிள்ளை இல்லாத வீடு அது. அண்ணிக்குப் பழக்கமான தையல்கார அம்மா மகனோடு இருக்கப் போனபோது, தான் வளர்த்த பச்சைக்கிளியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் தன் கையாலேயே பெரிய கூண்டு செய்தார். பழைய கூண்டின் குச்சியைக் கழற்றி இதில் கட்டினார். காற்று அடிக்காத மூலையில் வைத்து, ஒரு பக்கம் துணி போட்டு மறைத்தார். அந்த அம்மா கொடுத்த அதே சூரியகாந்தி விதை, அதே கிண்ணம். புது மருமகளுக்குக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள்.

கிளி சாப்பிடவில்லை. இறகையெல்லாம் உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, கூண்டின் கடைசி மூலையில் நின்றது. பகலில் நானும் அண்ணியும் இருக்கையில் மெதுவாக இறங்கி ஒரு விதையை எடுக்கும். சாயங்காலம் கதவு திறக்கும்.

"என்ன கிளியாரே, சாப்பிட்டாச்சா!"

அவ்வளவுதான். விதை ஒரு பக்கம், கிளி ஒரு பக்கம். கம்பியில் அடித்துக்கொண்டு விழும்.

"பாத்தியா, உன் குக்கர் விசில்தான்மா இதைப் பயமுறுத்துது" என்றார் அண்ணன் என்னிடம். நானும் அன்றிலிருந்து குக்கரை எடுத்து வைத்துவிட்டுப் பானையில் சோறு வடித்தேன். அண்ணியோ நானோ உள்ளதைச் சொல்லவில்லை. தினமும் விளக்கேற்றி அந்தக் கிளிக்காக வேண்டிக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதைக் கடவுளிடம் தள்ளிவிட்டேன்.

கிளியின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு வந்தது. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு மூவரும் மிருக டாக்டரிடம் போனோம். அவர் கிளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நோய் எதுவும் இல்ல. பயம். இப்படியே போனா தாங்காது. வீட்ல யாராவது சத்தமா பேசுவீங்களா?" என்றார்.

"எங்க வீட்லயா? யாரும் கெடையாது டாக்டர்!" என்றார் அண்ணன்.

வெளியே கட்டியிருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன. கிளி டாக்டரின் கைக்குள்ளேயே ஒடுங்கிப்போனது. டாக்டர் அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "நான்தானா?" என்று கேட்டார். மெதுவாகக் கேட்பதாக அவருக்கு நினைப்பு.

அண்ணி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே சிரித்தபடி சொன்னார்: "கிளியாவது நேத்து வந்தது. கல்யாணமான புதுசுல நானும்தான் சரியா சாப்பிடல. நீங்க கூப்பிட்டாலே, இன்னைக்கு என்ன தப்பு பண்ணேனோன்னு இருக்கும். அப்புறம் உங்க குரலே அப்படித்தான்னு புரிஞ்சு போச்சு. விடுங்க, எப்பவோ பழகிட்டேன்."

அண்ணி சும்மாதான் சொன்னார். ஆனால் அண்ணனின் முகம் செத்துவிட்டது. திரும்பிப் போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். "உள்ள வாங்க, டீ ஆறுது" என்று அண்ணி எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. மேலே ஏறுகிறவர்கள், "என்ன ஸ்பீக்கர், வீட்டைவிட்டுத் தொரத்திட்டாங்களா?" என்று கேலி செய்தார்கள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் வேலை முடிந்து வந்தால் படியிலேயே இருப்பார். அண்ணி கதவைத் திறந்து, "சாப்பிட்டுடுச்சு" என்று தலையாட்டிய பிறகுதான் உள்ளே போவார். போனாலும் பேச மாட்டார். கூண்டைவிட்டு எட்ட உட்கார்ந்து விதையை உரித்து உரித்து வைப்பார். நாள் போகப் போக நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். கிளி அவர் விரலிலிருந்து முதல் விதையை வாங்கியபோது நானும் இருந்தேன். சந்தோஷத்தில் எங்கே கத்திவிடுவோமோ என்று இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினார். தன் குரலைத் தானே கேட்டு, அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

பட்டறை ஊருக்கு வெளியே மாறியதால் அவர்களும் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் வண்டியில் அண்ணி ஏறி, கூண்டை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் என் கதவுப் பக்கம் வந்து நின்றார். குனிந்த தலை நிமிராமல், பக்கத்தில் போனால்தான் கேட்கும்படி சொன்னார்:

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானேம்மா. நீயும் இத்தனை வருஷம் கேட்டிருப்பியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"