இரண்டாவது ஓட்டை

வாத்தியார் வேலைக்கான எல்.டி. பட்டத்துக்கு இரண்டு பகுதி. ஒன்று எழுத்துத் தேர்வு. மற்றதில், பல்கலைக்கழகம் அனுப்பும் பரீட்சகர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்து, சென்னையில் ஒரு வருஷம் படித்து, எழுத்துத் தேர்வில் தேறினேன். வகுப்பு நடத்துவதில் கோட்டை விட்டேன். எங்கள் பேராசிரியர் எப்படியோ விசாரித்துக் காரணத்தைச் சொன்னார். நானே கேள்வி கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேனாம்.

பொய்யில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. ஒருவன் யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு நாக்கு அரிக்கும்.

மதுரைக்கு வந்து, சிம்மக்கல்லை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். தவறியவர்கள் வேலை பார்க்கும் பள்ளியிலேயே மறுபடி நடத்திக் காட்டலாம், பரீட்சகர் அங்கே வருவார் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஹெட்மாஸ்டர் கறாரானவர். தேறினால் வேலை நிரந்தரம், தவறினால் ஜூன் மாதம் என் நாற்காலியில் பட்டம் வாங்கிய வேறொருவர் உட்காருவார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தில் ஏர் பிடிக்காத முதல் ஆள் நான். திரும்பிப் போய் மாட்டுக்குப் பின்னால் நடப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. தோற்றுப்போய் நடக்கத்தான் எனக்கு மனசில்லை.

இந்தத் தடவை பதில் சொல்லப்போவது பையன்கள், நான் இல்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மூன்றாம் பாரத்துக்கு, அதாவது எட்டாம் வகுப்புக்கு, காற்றின் அழுத்தம் பற்றிய பாடம். ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மேலே அட்டையை வைத்துக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டாது. அட்டையைக் கீழிருந்து காற்று தாங்குகிறது. இதற்கு ஒன்பது கேள்விகளும், பையன்கள் சொல்ல வேண்டிய ஒன்பது பதில்களும் பாடக்குறிப்பில் எழுதினேன். விடியற்காலையில் வறண்டு கிடந்த வைகை மணலில் நடந்துகொண்டே உரக்கச் சொல்லிப் பழகினேன். மணல் ஊற்றில் துணி வெளுக்க வந்தவர்கள் நாடகக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

அதோடு விட்டேனா? அதே மூன்றாம் பாரத்துக்கு அந்தப் பாடத்தைப் பன்னிரண்டு தடவை நடத்தினேன். எத்தனையாவது கேள்விக்கு எந்தப் பதில் என்று பையன்களுக்குத் தலைகீழாகப் பாடம். மூன்றாவது கேள்வி, "இதைக் கவிழ்த்தால் என்ன ஆகும்?" அதற்குத் தவறாகச் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லி வைத்திருந்தேன். முதலில் தவறினால்தானே பிறகு வியப்பு வரும். கணக்கு வாத்தியார், என்னைவிட இளையவர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசினாலும் மதுரைத் தமிழில்தான் கேலி செய்வார். "அண்ணே, பரீட்சை அன்னைக்கு நீங்க வராட்டியும் பரவாயில்ல. அவய்ங்களே நடத்தி முடிச்சிருவாய்ங்க" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பரீட்சகர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சில்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அந்தத் திறப்பிலேயே எனக்கு வரிசை கலைந்துவிட்டது. இரண்டாவது கேள்வி முடிந்ததும் மூன்றாவதை மறந்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டேன். தண்ணீர் அசையாமல் நின்றது. நான்காவது கேள்வியைக் கேட்டேன்.

"ஏன் கொட்டவில்லை?"

வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது. "தண்ணி கொட்டிரும் சார்."

கண்ணெதிரே தண்ணீர் தலைகீழாக நிற்கிறது. முப்பது பையன்களும் அதைப் பார்த்துக்கொண்டே கொட்டிவிடும் என்கிறார்கள். பரீட்சகர் தலையை நிமிர்த்தினார். எழுந்து வந்து மேஜைமேல் இருந்த என் பாடக்குறிப்பைப் புரட்டினார். அது மூன்றாவது கேள்விக்கு எழுதி வைத்த பதில் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குறிப்பை மூடி, தன்னோடு எடுத்துக்கொண்டு பின்பெஞ்சுக்குப் போய், "நடத்துங்க" என்றார்.

வெட்கத்தில் காது சுட்டது. கூடவே கோபமும் வந்தது, என் மேலேயே. இப்படியே விட்டுவிட்டு ஓடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மூலையில் வேறு வகுப்புக்காகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த மண்ணெண்ணெய் டின் ஒன்று கிடந்தது. மேலே ஒரே ஓட்டை, அதில் கார்க். டின்னைத் தூக்கி வந்து, கார்க்கைப் பிடுங்கி, வாளிக்குள் சாய்த்தேன். தண்ணீர் குபுக் குபுக்கென்று விக்கி விக்கி விழுந்தது. ஏன் சீராக விழவில்லை என்று கேட்டேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வி அவர்களுக்குக் கொடுக்கப்படாதது.

எண்ணெய்க்கடைக்காரர் மகன் ஒருவன் எழுந்தான். தங்கள் கடையில் டின்னுக்கு எப்போதும் இரண்டு ஓட்டை போடுவார்கள், அப்போது சீராக விழும் என்றான். எதற்கு இரண்டு என்றேன். அப்படித்தான் போடுவோம் சார் என்றான். ஆணியும் சுத்தியலும் வரவழைத்து எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டுச் சாய்த்தேன். கயிறு போலத் தண்ணீர் இறங்கியது. பாரம் குறைந்துவிட்டது என்றான் ஒருவன். டின் அகலமாகிவிட்டது என்றான் இன்னொருவன், மற்றவர்கள் சிரித்தார்கள். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தால் சென்னையில் செய்ததையே இங்கும் செய்வேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

மணி அடித்துவிட்டது.

முடிவு சொல்லவில்லை, கரும்பலகையில் சுருக்கம் எழுதவில்லை. விதிப்படி அது முடியாத பாடம். பரீட்சகர் என் குறிப்பைத் திருப்பிக் கொடுத்து, பாடம் முடியவில்லையே என்றார். ஆமாம் என்றேன். தாழ்வாரத்தில் அவரோடு நடந்தபோதே ஊரில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் காலடிச் சத்தம். எண்ணெய்க்கடைக்காரர் மகன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சார், அந்த ரெண்டாவது ஓட்டை தண்ணிக்கு இல்ல. காத்து உள்ள போறதுக்கு. காத்து போனாத்தான் தண்ணி தடையில்லாம வெளிய வரும்."

பரீட்சகர் நின்றார். என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, "இது உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

அவன் விழித்தான். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்துவிட்டான் போலிருக்கிறது.

"யாரும் சொல்லித் தரல சார்" என்றான். என் பக்கம் கையைக் காட்டினான். "இவரு கேள்வி மட்டுந்தான் கேட்டாரு."

பரீட்சகர் அங்கேயே நின்றபடி பேனாவைத் திறந்தார். ஜூன் மாதம் என் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன்.