வலது பைக்குள் கல்

அப்பாவின் குளிர் ஜக்கெற்றை மடிக்கும்போது வலது பக்கம் மட்டும் கனத்தது. பைக்குள் கைவிட்டேன். ஒரு பிடி கல். இங்கே பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க நடைபாதையில் கொட்டுவார்களே, அந்தப் பொடிக் கல். அப்பா செத்து ஐந்து கிழமை. கல் பொறுக்குவதை அவர் விட்டு மூன்று வருடம் என்று நினைத்திருந்தேன்.

நோர்வேக்கு வருவதற்கு முன் அப்பா ஒரு பாலைவனத்தில், ஏதோ ஒரு நாட்டு இராணுவத்தின் விமானத்தளத்தில் நான்கு வருடம் கூலிவேலை செய்தவர். விடிந்ததும் நாற்பது பேர் ஓடுபாதைக்குக் குறுக்கே வரிசையாக நின்று, இடுப்பில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பார்களாம். கல், ஆணி, கம்பித்துண்டு, எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். "சின்னக் கல் ஒண்டு காணும், பிள்ளை. இஞ்சினுக்குள்ள இழுபட்டால் பிளேன் துலைஞ்சுது" என்பார். தன் பாதையில் ஒரு கல்லும் மிஞ்சியதில்லை என்று அவருக்குப் பெருமை. அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம்.

ஒஸ்லோவில் பனி உருகிக் கல் வெளியே தெரிந்தால் அவர் கை சும்மா இராது. ஹவுகெட்டோ ஸ்டேஷனிலிருந்து வீடுவரை குனிந்து குனிந்துதான் வருவார். என்னோடு படித்த பெட்டைகள் பார்த்துச் சிரிப்பார்கள்.

"இஞ்சை பிளேன் வாறேல்லை அப்பா, பஸ்தான் வாறது. நிமிந்து வாங்கோ."

"பஸ்சுக்கும் ரயர் இருக்குத்தானே" என்று சிரிப்பார்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "பிளேன் போகேக்க செட்டைக்குக் கீழ குண்டு தொங்கும். திரும்பி வரேக்க இராது."

அவருடைய தங்கச்சி, என் மாமி, ஊரில் விமானக் குண்டில் செத்தவர். அன்று பின்னேரமும் ஸ்டேஷனில் அப்பாவால் எனக்கு வெட்கம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மாமியைச் சாகடிச்சதும் பிளேன்தானே. நீங்கள் அதுகளுக்கு வழி துப்புரவாக்கிக் குடுத்தனீங்கள்."

"வாயை மூடடி" என்றா அம்மா.

அப்பா "ஓம்" என்றார். எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். தட்டில் பாதிச் சோறு கிடந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. அதுதான் இன்னும் என்னைத் தின்கிறது. ஆனால் அன்று எனக்கு மாமியும் பெரிதில்லை, குண்டும் பெரிதில்லை. பெட்டைகளின் சிரிப்புத்தான் பெரிது. அதற்குப் பிறகு அப்பா என்னோடு வரும்போது ஒருநாளும் குனிந்ததில்லை. கைகளைப் பைக்குள் விட்டு, நேரே பார்த்தபடி நடப்பார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

"கல்லைக் கொட்டிப்போட்டு மடி, பிள்ளை. ஆருக்காவது குடுப்பம்" என்று அம்மா குசினியிலிருந்து சொல்கிறா.

இந்த ஜக்கெற் போன மார்கழியில் நான் வாங்கிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்டு, கிடங்கு வேலைக்குப் போய் எடுத்த முதல் சம்பளம். அப்படியென்றால் இந்தக் கல்லெல்லாம் இந்தப் பனிக்காலத்தில் பொறுக்கியது. தனியாக வரும்போது பொறுக்கியது.

மூன்று வருடம் எனக்குப் பயந்து நிமிர்ந்து நடந்திருக்கிறார்.