ஐயன் விட்ட மேட்டூர் ரயில்

எங்கள் தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்மார்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம்.

நாங்கள் ஐயன் என்று கூப்பிட்ட எங்கள் தகப்பனார் வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து ஏர் பிடித்தார். கோபக்காரர் என்று ஊரே சொல்லும், பொய்யில்லை. மழை வராவிட்டால் வானத்தையே அதட்டுவார். அந்த மனிதரின் கைகள் செய்த அதிசயத்தைத்தான் இங்கே எழுத வந்தேன்.

மேட்டூரில் அணை கட்டிய காலத்தில் அவர் மாட்டுவண்டியில் கல் ஏற்றப் போனார். வீடு திரும்பும்போதெல்லாம் அணையைப் பற்றியும் அங்கே போகும் ரயிலைப் பற்றியும் அம்மாவிடம் கதை கதையாகச் சொல்வார். "அணை முடியட்டும் புள்ள, உன்னைய ரயில்லயே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று வாக்கும் கொடுத்தார். அணை முடிந்தது. அதற்குள் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். வைத்தியரும் கையை விரித்துவிட்டார்.

வாக்குக் கொடுத்தவர் சும்மா இருப்பாரா? கட்டிலுக்கு அருகே, அம்மாவின் கண்ணுக்கு நேராக, வண்டிப் பலகைகளைப் பரப்பினார். செம்மண்ணைக் குழைத்துச் சின்னக் குன்றுகளாகக் கரடுகள் எழுப்பி, சேலத்து வெள்ளைக்கல்லை அவற்றில் பதித்தார். தென்னை ஈர்க்குதான் தண்டவாளம். அதன் அடியில் சோளத்தட்டைத் துண்டுகள். காய்ந்த துளசிக் கதிர்களை நட்டார். வழிநெடுக மரங்கள் நின்றன. கிணற்றுப் பாசி புதரானது. தாம்பாளத்து நீர் காவிரியானது, அதன் குறுக்கே களிமண் அணை. மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போடுவது போலக் கேழ்வரகு தெளித்து வயலும் உண்டாக்கினார். கல்யாண முருங்கைக் கட்டையில் ரயிலைச் செதுக்கி, புகை வருவதற்குத் தேங்காய் நாரைச் செருகினார். சிறுமியான நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். நாம் மிதித்து நடக்கும் மண்ணுக்குள்ளும் கூட்டித் தள்ளும் குப்பைக்குள்ளும் ஓர் உலகமே இருந்திருக்கிறது!

ரயில் விட வேண்டிய காலையில், எங்கள் மேச்சேரி ஆட்டுக் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, வயல் முழுவதையும் மேய்ந்துவிட்டது. பச்சைப் பயிரைக் கண்டால் கிடா விடாது என்பது, காலமெல்லாம் ஆடு வளர்த்த எங்கள் ஐயனுக்குத் தோன்றவே இல்லை. சாட்டையை எடுத்துவிட்டார்.

அம்மாவோ சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"உடுங்க. மறுக்கா மொளைக்கற வரைக்கும் நான் இருப்பனோ என்னமோ. அறுப்பு முடிஞ்ச காடுன்னு இருக்கட்டும். ரயில எடுங்க."

ஐயன் சாட்டையைப் போட்டுவிட்டு, நாருக்கு நெருப்பு வைத்து, ரயிலில் கட்டியிருந்த நூலைப் பிடித்து இழுத்தார். புகை விட்டுக்கொண்டு ரயில் கரடுகளைச் சுற்றி வந்தது. அம்மாவின் கண்கள் அதோடு கூடவே போயின. அணை வந்ததும், "எத்தாச்சோடு தண்ணீங்க!" என்று அதன் அளவைக் கண்டு வியந்தார். பிறகு ஐயனைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க ஏறலீங்களா?" என்று கேட்டார்.

"நீ முன்னால போ. நான் அடுத்த ரயில்ல வாரேன்" என்றார் ஐயன்.

அந்த மாதமே அம்மா போய்விட்டார். ஐயன் மறுமணம் செய்துகொள்ளாமல், கோபத்தோடும் பாசத்தோடும் எங்களை ஆளாக்கினார்.

அவர் படுத்திருந்த நாட்களில் பால் கொண்டுவந்து தந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், பெற்ற பிள்ளைகளைப் போல அவரைத் தூக்கித் திருப்பிவிட்ட பங்காளிகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

கடைசியாக அவரைக் கிடத்தியபோது, பரணில் இருந்த அந்தக் கல்யாண முருங்கைக் கட்டை ரயிலை அவர் கையில் வைத்தேன். அது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன்: அணைக்கரையில் அம்மா ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.