மாமா விற்ற சோப்பு

டி.வி.யில் சேலை விற்கிற பெண் சேலையைக் காட்டவே மாட்டாள். "பார்டரப் பாருங்க, பார்டரப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சரி, பார்ப்போம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் பார்டர் மேலே அவள் கை இருக்கும். கையை எடுத்தால் அவள் முகத்தைக் காட்டுவார்கள். முகம் போனால் போன் நம்பர் வந்து சேலையை மூடிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் என் மருமகள் இந்த நிகழ்ச்சிகளை விடாமல் பார்ப்பாள். பார்ப்பாள் என்பதைவிடச் சண்டை போடுவாள் என்று சொல்லலாம்.

"கைய எடும்மா! நாங்க என்ன ஒன் வளையலயா வாங்கப் போறோம்?"

அவள் எடுக்க மாட்டாள். இன்னும் ஐந்தே நிமிடம் என்று மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். ஒருநாள் மருமகள் அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய், கொத்தமல்லி வாங்கி, கடைக்காரம்மாவிடம் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு வந்தாள். அப்போதும் ஐந்து நிமிடம் இருந்தது. இன்னொரு நாள் பொறுக்கமாட்டாமல் அந்த நம்பருக்கே போன் போட்டுவிட்டாள்.

"சாயம் போகுமான்னு ஒரே ஒரு கேள்விதான் அத்தை கேட்டேன். அதுக்குப் பதிலச் சொல்லாம, கூட ஒரு பை சும்மா தாரோம்ங்கா. சரி, அந்தப் பையில சாயம் போகுமான்னு கேட்டேன். வச்சுட்டா."

நீங்களும் ரெண்டு வார்த்தை வையிங்களேன், வாயத் தொறக்காமயே இருக்கீக என்று என்னையும் இழுப்பாள். எனக்கு வராது. எதிரே நிற்கிற ஆளிடமே நான் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. பெட்டிக்குள் இருக்கிறவளிடம் எப்படிப் பேச? ஆனால் எரிச்சல் எனக்கும் உண்டு. விலையைக் கூட்டிச் சொல்வதால் இல்லை, வியாபாரம் என்றால் அப்படித்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் இரண்டு கண் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறாளே, அதுதான்.

போன வாரம் கறை போக்குகிற தண்ணீர் ஒன்று விற்றார்கள். வெள்ளைத் துணியில் குழம்பை ஊற்றி, அந்தத் தண்ணீரைத் தெளித்து, ஒரு பெண் தேய்தேய் என்று தேய்த்தாள். "போயிருச்சு பாருங்க, போயே போயிருச்சு!" என்றாள்.

"திருப்பிக் காட்டுடி" என்றாள் மருமகள்.

அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல் துணியை மடித்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டாள். மருமகள் டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. போயிருச்சு என்கிற அதே சொல்லைத்தான், அதே மாதிரிச் சிரிப்போடு, என் அம்மா ஒருமுறை நாலு பேர் நடுவில் சொன்னாள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பா லாரியில் லோடு ஏற்றிப் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற இடத்தில் வேலை பார்த்தாள். மருந்தில் சேர்க்கிற அலுமினிய வெள்ளிப் பொடி அவள் கையில் முழங்கை வரை ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்து சீயக்காய், புளி, செங்கல் பொடி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேலாக இருப்பது போகும். நகக்கண்ணிலும் ரேகையிலும் இருப்பது போகாது. அவள் பிசைந்து தருகிற சோற்றில்கூட மினுமினுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றும். எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அம்மாதான் வளர்த்தாள். அச்சாபீஸ், சைக்கிள் கடை, டீக்கடை என்று அவர் எல்லா வேலைக்கும் போனார். எதிலும் மூன்று மாதம் நிற்கவில்லை. வாய் மட்டும்தான் அவருக்கு ஓயாது. அவருக்கு ஏழாயிரம்பண்ணையில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் தகப்பனார் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அம்மா மூன்று தடவை பஸ் ஏறிப் போய்க் கேட்ட பிறகு அவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஒந் தம்பி வாயி நல்லாத்தான் இருக்கு. வாயிக்குப் பொண்ணு குடுக்க முடியாதும்மா. ஒரு தொழிலக் காட்டட்டும், அது நெசமான தொழில்னு என் கண்ணால பாத்துட்டேன்னா ஆவணி மொத முகூர்த்தத்துல முடிச்சிருவோம். இல்லன்னா வேற எடம் பாக்கேன்."

அம்மா அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே மாமாவிடம் சொன்னாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "இந்தப் பிள்ள ஒனக்கு அமையலன்னா நான் செத்தாலும் எங் கண்ணு மூடாதுலே" என்றாள். அவ்வளவுதான்.

மாமா சோப்பு விற்கக் கிளம்பியது அப்படித்தான். விருதுநகரில் எங்கோ பார் சோப்பு வாங்கி வந்து, கம்பியால் துண்டு போட்டு, அச்சாபீஸில் கழித்துப் போட்ட லேபிளைச் சுற்றினார். லேபிளில் இரண்டு குருவி இருந்தது. அதனால் அதற்கு ரெட்டைக்குருவி சோப்பு என்று பேர் வைத்தார். பட்டாசு மருந்து ஒரே கழுவில் போகும் என்பது அவர் பேச்சு. பெண்ணின் தகப்பனாருக்கு ஆள் விட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வந்து வியாபாரத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "மருமவளே, மாமாவுக்கு ஒரு ஒத்தாசை பண்ணுதியா? ஒனக்கு ரெண்டு பாக்கெட் சேவு." சேவு இல்லாவிட்டாலும் செய்திருப்பேன். அம்மா வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவதால் மைதாப் பசை எப்போதும் சட்டியில் இருக்கும். அதைத் தண்ணீர் விட்டு இளக்கி என் இரண்டு கையிலும் பூசினார். ஆடிக் காற்றில் காய வைத்தார். எதுக்கு மாமா என்றதற்கு, "பொடி கையக் கடிக்காம இருக்கத்தான் தாயி" என்றார். பிறகு கொடியில் கிடந்த அம்மாவின் கம்பெனிச் சேலையை எடுத்துப் பழைய பேப்பர் மேல் உதறினார். விழுந்த வெள்ளிப் பொடியை என் கையில் தட்டித் தடவினார். என் கை அம்மா கை மாதிரியே ஆகிவிட்டது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

தெரு முக்கில் வேப்பமரத்தடியில் ஒரு வாளித் தண்ணீர். கவிழ்த்த பெட்டி மேல் மாமா. பக்கத்தில் நான். கம்பெனி விட்டு வருகிற பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பெண்ணின் தகப்பனார் தோளில் துண்டோடு ஓரமாக நின்றார். எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. அத்தனை பேரின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு கையை நீட்டினேன். மாமா பேசப் பேச, சோப்பு போட்டுக் கழுவினார். வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாயிற்று. என் கை பளிச்சென்று வெளியே வந்தது. கூட்டத்தில் "அட!" என்று ஒரு சத்தம். என்னால் நம்பவே முடியவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பசைதான் கழன்று பொடியையும் கூட்டிக்கொண்டு போனது என்று யோசிக்கிற வயதா அது?

கூட்டத்தில் ஒரு பெரியம்மா இருந்தாள். அம்மாவோடு வேலை பார்க்கிறவள், யாருக்கும் அடங்க மாட்டாள்.

"புள்ள கை பச்சக் கைலே. வருசக்கணக்கா மருந்துல கெடந்த கையக் கழுவிக் காட்டு, வாங்குதோம்."

மாமாவுக்கு அது காதில் விழவே இல்லை. "பன்னெண்டே பன்னெண்டு கட்டிதான் தாயிமாரே! இன்னைக்கு விட்டா சீசன் முடிஞ்சுதான்!" என்று குரலைத் தூக்கினார். பெட்டிக்கு அடியில் இன்னொரு மூட்டை இருந்தது எனக்குத் தெரியும். பெரியம்மா மறுபடி கேட்டாள். மாமா மறுபடி சத்தத்தைக் கூட்டினார். ரொம்ப வருசம் கழித்து மாமாவே என்னிடம் சொன்னார்: "பேச்ச நிப்பாட்டக் கூடாது தாயி. நிப்பாட்டுனா சனம் பாக்க ஆரம்பிச்சிரும்." டி.வி.க்காரிகளுக்கும் யாரோ இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்துவிட்டாள். என்னை வீட்டில் காணோம் என்று கை காலைக்கூடக் கழுவாமல் தேடி வந்திருக்கிறாள்.

"ஏலே, புள்ளைய இங்கன நிறுத்தி வச்சு என்னலே பண்ணுத?"

"இந்தா, ஒங்கக்காளே வந்துட்டா" என்றாள் பெரியம்மா. "இவ கையக் கழுவு பாப்போம்."

மாமா பேச்சை நிறுத்தினார். அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெண்ணின் தகப்பனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அதான சரி. கழுவுங்க தம்பி, நானும் பாக்கேன்."

அம்மாவுக்கு என்ன தெரியும்? என் வெள்ளைக் கையைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நெசமாவே போகுதாலே?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கையையும் வாளிக்குள் விட்டாள்.

மாமா தேய்த்தார். நுரை வந்தது. மேலாக இருந்தது போயிற்று. நகத்தைச் சுற்றி, விரல் மடிப்பில், உள்ளங்கை ரேகையில் எல்லாம் அப்படியே இருந்தது. நான் குனிந்து நின்றதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாமாவின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தது. அம்மா தன் கையைப் பார்த்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிப் பெண்ணின் தகப்பனாரைப் பார்த்தாள்.

சட்டென்று கையை உருவி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"போயிருச்சு" என்றாள். சிரித்தாள். "போயே போயிருச்சுய்யா!"

"எங்க, காட்டு" என்றாள் பெரியம்மா.

"என்னத்தக்கா காட்ட? ஈரக் கையி, தொடைக்க வேண்டாமா? ஏலே, எனக்கு ரெண்டு கட்டி எடுத்து வையி. தீந்துரப் போகுது."

தீர்ந்துவிடப் போகிறது என்றதும் பெண்கள் எல்லாரும் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பெரியம்மாகூட ஒன்று வாங்கினாள். பெண்ணின் தகப்பனார் ஒரு கட்டியை மோந்து பார்த்துத் துண்டில் முடிந்துகொண்டு, "ஆவணியில வச்சுக்கிடுவோம்மா" என்றார். அம்மா கும்பிடக்கூட முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

வீடு வரும்வரை அவள் என் கையைப் பிடிக்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபமாக வந்தது. என் கையில் போன மருந்து இவள் கையில் ஏன் போகவில்லை? ஒழுங்காகத் தேய்க்கவிடாமல் நடுவில் கையை எடுத்துவிட்டாள், அதனால்தான் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் அவளைத் துவைகல்லுக்கு இழுத்துப் போய், ரெட்டைக்குருவியைப் போட்டு நானே தேய்த்தேன். தேங்காய் நாரை வைத்து, தோல் சிவக்கிற வரை தேய்த்தேன். அம்மா கையைக் கொடுத்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போகுதாம்மா?"

"போகுது தாயி."

"நீ பாக்கவே இல்லயே!"

"நீதான் தேய்க்கியே, போயிரும்."

வாங்கிய பெண்கள் மாமாவைச் சும்மா விடவில்லை. அவர் ஒன்பது நாள் விடாமல் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாத்தூர் பக்கம் வியாபாரத்துக்குப் போய்விட்டார். பேச்சுக் கேட்டதெல்லாம் அம்மாதான். ஏழாயிரம்பண்ணைக்கு மட்டும் சேதி போகவில்லை. ஆனாலும் கல்யாணம் நெருங்க நெருங்க அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. தாலியில் மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்காள்தான் போட வேண்டும். கையை எங்கே ஒளிக்க? நாலு நாள் வேலைக்குப் போகாமல் கையை வெளுக்க விடலாம் என்றால் சீசன் நேரம், கம்பெனியில் லீவு கிடையாது. முந்தின நாள் மருதாணி அரைத்து வைத்துப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவில் நகக்கண் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

கல்யாணத்தன்று காலையிலிருந்து அவள் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. மணவறையில் புகை. பெண்ணுக்கு வியர்த்து, நெற்றிக் குங்குமம் கரைந்து கண்ணுக்குள் இறங்கப் பார்த்தது. அம்மா தன்னை மறந்து கையை நீட்டித் துடைத்துவிட்டாள். பெண்ணின் கண்ணுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், அந்த விரல்கள். பெண் அவற்றைப் பார்த்தாள். கடைக்கார வீட்டுப் பெண், சோப்பைப் பற்றித் தகப்பன் சொல்லக் கேட்டிருப்பாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மேளம் கொட்டியது. மாமா இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்றாவது முடிச்சுக்கு அம்மா பெண்ணுக்குப் பின்னால் வந்து நின்றாள். அங்கேதான் பெண்ணின் தகப்பனாரும், மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க எட்டிக் குனிந்து நின்றார். அம்மா கையை வெளியே எடுத்தாள். அப்போது பெண் தன் இரண்டு கையையும் பின்னால் கொண்டு போய், மாலையைப் பிடித்து மேலே இழுத்து, அம்மாவின் கை முழுதும் மூடுகிற மாதிரி பிடரியில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாலைய எறக்கும்மா, முடிச்சு தெரியல" என்று யாரோ சொன்னார்கள். அவள் இறக்கவில்லை. அம்மா பூவுக்குள்ளேயே தடவித் தடவி முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"பொண்ணுக்கு வெக்கத்தப் பாரேன்" என்று பெண்கள் சிரித்தார்கள். புது அத்தைக்கு எம்புட்டு வெட்கம் என்று நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.