சக்கரத்தில் குறைந்த குதிரைத்திறன்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். என் பழைய காரின் எஞ்சினை இன்னும் வேகமாக ஓடும்படி மாற்றித் தந்தவர், கல்மண்டபத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் அந்தோணி. "நூத்தி இருவது குதிரைத்திறன் கீது மாமு" என்றார்.

ஆசை யாரை விட்டது? வேறோர் இடத்தில், உருளைகள் மேல் காரை ஓடவிட்டு அளக்கும் இயந்திரத்தில் ஏற்றினேன். நூற்று இரண்டுதான் காட்டியது. நேராகப் பட்டறைக்குப் போய், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினேன்: "தோஸ்துன்னு நம்புனா ஏமாத்திட்டியே!"

"நான் சொன்னது எஞ்சின்ல, அத்தோட சேந்து சுத்துற ஃப்ளைவீல்ல கீற பவரு. நீ அளந்துகினு வந்தது சக்கரத்துல. நடுவுல கியர்பாக்ஸ் கொஞ்சம் முழுங்கிடும்பா" என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு மெக்கானிக்கிடம் போய், சக்கரத்திலேயே நூற்று இருபது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவரும் ஏற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம், எர்ணாவூர் அருகே கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் எஞ்சின் ஜாமாகி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி, ஒரு முழ இடைவெளியில் பிரேக் பிடித்தது. பின் சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்த வேறொரு மெக்கானிக், "இது தாங்குற அளவைத் தாண்டி ஏத்திட்டீங்க" என்றார். அந்தோணி சொன்ன கணக்கையே அவரும் சொன்னார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "வுடுப்பா" என்றார் அந்தோணி. மாமு என்று சொல்லவில்லை. அதன்பின் அவர் என்னிடம் பேசுவதே இல்லை.

இப்போதெல்லாம் எந்த அளவு குறைந்தாலும், எங்கே வைத்து அளந்தது என்று முதலில் கேட்கிறேன். அதையும் தனியாக அழைத்து, மெதுவாகத்தான் கேட்கிறேன்.