மாமாவின் பாட்டில்

"...பாட்டில் பொய் சொல்லாது தம்பி. தினம் மாத்திரை முழுங்குற ஆளோட சிறுநீர்ல மருந்து கொஞ்சமாச்சும் தெரியணும். போன வாரம் நீங்க குடுத்ததுல பொட்டுகூட இல்லையே?" என்று கேட்டபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் நர்ஸம்மா.

மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பாட்டிலில் இருந்தது என்னுடையது.

மாமா, அம்மாவின் தம்பி. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். காசநோய் என்று தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் வந்து படுத்தார். நர்ஸம்மா பல வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர். அவர் ஊசி போட்டால் எறும்பு கடித்ததுபோல்கூட இருக்காது என்பார்கள். காசநோயை வீட்டில் வைத்தே குணமாக்க முடியுமா என்று டாக்டர்கள் ஆராய்ச்சி தொடங்கியபோது, வீடுவீடாக அலைகிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். மாத்திரையை எண்ணுவார். பாட்டிலை நீட்டுவார்.

மாத்திரை ஒரு கைப்பிடி இருக்கும். விழுங்கினால் மாமாவுக்குக் குமட்டும். ஒரு மாதமாக எல்லாவற்றையும் கொல்லை முருங்கைக்கு அடியில்தான் புதைத்துக்கொண்டிருந்தார். முருங்கைக்குக் காசநோய் இருந்திருந்தால் எப்போதோ குணமாகியிருக்கும்.

பாட்டிலில் நோயைத்தான் தேடுகிறார்கள் என்று மாமா தாமாகவே முடிவுகட்டிவிட்டார். குழந்தையுடையது சுத்தமாக இருக்கும், குணமாகிவிட்டது என்று எழுதிவிடுவார்கள், வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. "பாப்பா, அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றார். ஒரு கடலை உருண்டைக்கு நான் சம்மதித்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்களுடையது ஏழாம் நாளே வெளுத்துவிட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து நானே அழுதுகொண்டு வெளியே வந்தேன். "அது என்னுதுதான். மாமாவைத் திட்டாதீங்க!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அட கிறுக்கா! புள்ளையோடதப் புடிச்சுக் குடுத்து யாரடா ஏமாத்துற? எமனையா?"

நர்ஸம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"இவ எங்க தூங்குறா?"

"மாமன் பக்கத்துலதான். கதை சொன்னாத்தான் தூங்குவா" என்றாள் அம்மா.

"நான் வந்த முதல் நாளே தள்ளிப் படுக்க வைக்கச் சொன்னேனே" என்ற நர்ஸம்மா, மாமா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மருந்த நிறுத்திட்டு ஒரு மாசமா இருமுறீங்க. அந்த இருமல் உங்களோட நிக்காது தம்பி."

மாமா முதல் முறையாகச் சுவரை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தாமே எழுந்து, ஒரு கைப்பிடி மாத்திரையையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கண் கலங்கியிருந்தது. குமட்டுகிறது போலும் என்று நினைத்தேன்.

நர்ஸம்மா பையிலிருந்து புது நோயாளி அட்டை ஒன்றை எடுத்து, என் பெயரை அச்சடித்ததுபோல் எழுதினார். மாமாவுக்கு இருப்பதுபோலவே எனக்கும் ஓர் அட்டை! பெருமை தாங்கவில்லை. என்னை மடியில் இருத்தி, முதுகில் உள்ளங்கையை வைத்து, "எங்க, ஒரு தடவை இருமு பாப்பா" என்றார்.

நன்றாக இருக்கட்டுமென்று, அச்சு அசலாக மாமாவைப் போலவே இழுத்து இருமிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. நர்ஸம்மா மட்டும் என்னை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.